பொரி மாமாவின் பெயர்

எட்டு வயது ஆகும்வரை என் தாய்மாமனுக்குப் பெயர் என்று ஒன்று தனியாக இருக்கும் என்றே நான் நினைத்ததில்லை. அவர் பொரி மாமா. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பெரியபாளையம் கோயில் கடையில் ஒரு பை பொரி வாங்கி வருவார். அம்மாவும் அவரைப் பொரி மாமா என்றுதான் சொல்வாள்.

அதற்குக் காரணம் பொரி மட்டும் இல்லை, எங்கள் வீட்டுச் சட்டமும்தான். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயர் ஊரில் வேறு யாருக்கு இருந்தாலும் அதையும் சொல்லக் கூடாது. மளிகைக் கடைக்காரருக்கும் அதே பெயர் இருந்த பாவத்துக்கு அவர் எங்கள் வீட்டில் வெறும் 'முனைக் கடைக்காரர்' ஆகிவிட்டார். அம்மாவின் கெட்ட நேரம், அவளுடைய ஒரே அண்ணனுக்கும் அவள் மாமனாரான என் தாத்தாவுக்கும் ஒரே பெயர். கழுத்தில் தாலி ஏறிய அன்றே அண்ணனின் பெயர் அவள் வாயை விட்டுப் போய்விட்டது.

பிறகு அண்ணனும் போய்விட்டார். ஒரு கல்யாணப் பந்தியில் அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாய்த்தகராறு. முதலில் வாயை விட்டது யார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போன மாமா மூன்று வருடமாக வரவில்லை. செல்போன் நம்பரும் மாறிவிட்டது. அம்மாவின் பெற்றோர் முன்பே காலமாகிவிட்டதால் விசாரிக்கவும் ஆள் இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பிக் கம்பெனி வாசலில் அவரைப் பார்த்ததாக யாரோ சொன்னதுதான் அம்மாவிடம் இருந்த ஒரே தகவல்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பிக்குப் பவானியம்மன் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துவது என்று முடிவாயிற்று. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அம்மா மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"அவன் இன்னாத்துக்கு? உன் சித்தப்பன் மவன் கீறான் இல்ல, அவன் மடியில குந்த வச்சா ஊசி எறங்காதா?" என்றார் அப்பா. அன்றைக்கே பத்திரிகைக்கான வாசகத்தை நோட்டுத் தாளில் எழுதி, தாய்மாமன் என்ற இடத்தில் அந்தச் சித்தப்பா மகன் பெயரைப் போட்டுவிட்டார். அம்மா பதில் பேசவில்லை. அவள் பதில் பேசாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும் என்பது அப்பாவுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் அப்பா காக்களூருக்கு வேலைக்குப் போனதும், பூசாரியைப் பார்த்து நாள் கேட்டுக்கொண்டு வருவதாகத் தாத்தாவிடம் சொன்னாள். தம்பியைப் பக்கத்து வீட்டில் விட்டாள். என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று சொல்லிக் கூடவே அழைத்துக்கொண்டாள். என் மேல் அவ்வளவு பிரியம் என்று நினைத்தேன். புதுவாயலில் பஸ் மாறும்போது கேட்காமலே வடை வாங்கித் தந்தாள். சந்தேகமே இல்லை, பிரியம்தான்.

கம்பெனி வாசலில் இருந்த செக்யூரிட்டி வயதானவர், எடுத்த எடுப்பில் கேட்டார்.

"யாரப் பாக்கணும்?"

"எங்க அண்ணன."

"பேரு இன்னாமா?"

அம்மா என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். "மாமா பேரச் சொல்லுடி."

"பொரி மாமா" என்றேன்.

"அது இல்ல. தாத்தா பேருதான் மாமாவுக்கும். தாத்தா பேரச் சொல்லு."

என்னைக் கூட்டி வந்தது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அவளால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வாய் தேவைப்பட்டிருக்கிறது. திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. எனக்கும் தாத்தாவின் பெயர் தெரியாது. வீட்டில் அவர் தாத்தா, கட்டட வேலை பார்த்தவர் என்பதால் தெருவில் மேஸ்திரி. யாருமே சொல்லாத பெயர் எனக்கு மட்டும் எங்கிருந்து தெரியும்?

"மேஸ்திரி" என்றேன், கொஞ்சம் நம்பிக்கையோடு.

"உள்ள நூறு மேஸ்திரி கீறாங்க பாப்பா." அவர் அம்மாவைப் பார்த்தார். "ஏம்மா, கூடப் பொறந்தவன் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"சொல்லேன்."

"சொல்லக் கூடாது."

"அப்ப எழுதிக் குடு."

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேஜாராக்கீதே" என்று அவர் நெற்றியைத் தடவினார். "ரெண்டு மணிக்கு ஷிப்ட் உடுவாங்க. அப்பிடி ஓரமா நின்னுக்கினு நீயே பாத்துக்க."

இரண்டு மணிவரை டீக்கடை நிழலில் நின்றோம். கேட் திறந்ததும் நீலச் சட்டைக்காரர்கள் மொத்தமாக வெளியே வந்தார்கள். தலையில் ஹெல்மெட், முகமெல்லாம் கரி. எனக்கு எல்லாருமே பொரி மாமாவாகத் தெரிந்தார்கள். அம்மாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. சாலைக்கு அந்தப்பக்கம் கம்பெனி வேனை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு முதுகைப் பார்த்ததுமே என் கையை இறுக்கினாள்.

"அண்ணா!"

பத்துப் பேர் திரும்பினார்கள். எல்லாரும் யாருக்காவது அண்ணன்தானே. மாமா மட்டும் திரும்பவில்லை. நடுவில் லாரிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன, கடக்க முடியவில்லை. வேன் புறப்படத் தயாராக உறுமியது. மாமா படியில் கால் வைத்துவிட்டார்.

"முனுசாமீ!"

அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது அதுவரை எனக்குத் தெரியாது. கத்தியவுடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப்பக்கம் மாமா படியிலிருந்து காலை எடுத்தார்.

சாலையைத் தாண்டி வந்தவர், "இன்னாமா, நடு ரோட்டுல நின்னுக்கினு உன் மாமனாரக் கூப்புடற?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. இருவரும் அழுதார்கள். அம்மா காதுகுத்து விஷயத்தைச் சொன்னாள். மாமா கரி படிந்த முகத்தைக் கைக்குட்டையால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பத்திரிகைல என் பேரு போட்டுகீதா?"

அம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பேரே இல்லாத விசேஷத்துக்கு நான் எப்பிடிமா வருவேன்? வழில போறவன் மாதிரி வந்து குந்த சொல்றியா?"

எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக என்னிடம் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்தார். பஸ் கிளம்பிய பிறகும் அங்கேயே நின்றார். புதுவாயலில் இறங்கியதும், "ஊட்ல யாராண்டயும் சொல்லாத" என்றாள் என்னிடம்.

நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எட்டு வயதில் புதிதாக ஒன்று தெரிந்துவிட்டால் அதை வயிற்றுக்குள் வைத்திருப்பது லேசான காரியமா? அப்பாவும் தாத்தாவும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் தாத்தாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தாத்தா, உன் பேரு முனுசாமியா?"

"ஆமா. யாரு சொன்னது?"

"அம்மாதான். ரோட்டுல கத்துச்சு."

அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வந்துவிட்டது. கம்பெனி, செக்யூரிட்டி, வேன், பிஸ்கட், பத்திரிகை. அம்மா பரிமாறிய கரண்டியைக் குண்டானிலேயே போட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா முகம் சிவந்து எழுந்திருக்கப் போனார். தாத்தா இடது கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார்.

"கூப்ட்டதுக்குத் திரும்பிப் பாத்தானா?"

"பாத்தாரு. எறங்கி வந்தாரு."

தாத்தா சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு அப்பாவைப் பார்க்காமலே சொன்னார்.

"பத்திரிகைல அவன் பேரப் போடு."

"நைனா, அன்னிக்கு அவன் பேசுன பேச்சு..."

"எம் மருமவ நடு ரோட்டுல வாயத் தெறந்து சொல்லிட்டா. தாள்ல எழுதறதுக்கு உனுக்கு இன்னா வலிக்குது?"

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து, நோட்டுத் தாளை எடுத்து, ஒரு பெயரை அடித்தார்.

நான் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தேன். அம்மா சுவரோரம் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். காட்டிக் கொடுத்தவள் நான்தானே! ஓடிப் போய் அவள் தலையில் கை வைத்து, இனிமேல் சத்தியமாக யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன் என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என்னை இழுத்து அணைத்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக அழுதாள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அம்மா அன்றைக்கு அழுதிருக்க மாட்டாள் என்று வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.