சங்கிலிக்குக் கீழே ஓட்டியவன்

சென்ற மாதம் என் பேரன் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். போடிமெட்டுக்கு மேலே எங்கள் பழைய தோட்டத்துப் பாதையில் அவன் மகன் ஜீப்பு ஓட்டுகிறான். இன்னும் மீசை அரும்பாத பையன். சேறு தெறிக்கிறது. யாரோ கைதட்டுகிறார்கள். கீழே 'தாத்தாவோட ரத்தம்' என்று எழுதியிருந்தது.

எனக்குப் பெருமை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. படத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். பையனுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு கை மட்டும் தெரிகிறது. முன்கம்பியை இறுகப் பிடித்திருக்கும் கை. பேரனைக் கூப்பிட்டு, அது யாருடைய கை என்று கேட்டேன்.

"டிரைவர்தான் தாத்தா. பயப்படாதீங்க, கூடவேதான் உக்காந்திருக்கார்."

என் பயமே அவர் கூட உட்கார்ந்திருப்பதுதான். அதை அவனுக்கு எப்படிச் சொல்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதினைந்து வயதானபோது, அப்பா ஒரு ஜீப்பு வாங்கினார். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டி. ஸ்டீயரிங் இடது பக்கம் இருக்கும். கதவு கிடையாது, கூரை கான்வாஸ். ஏலக்காய்க்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. தோட்டம் வைத்திருந்த வீடுகளில் ஜீப்பு வந்தது. ஜீப்பு வந்த வீட்டில் அதை ஓட்டத் துடிக்கும் ஒரு பையனும் இருந்தான்.

பதினெட்டு வயது ஆகாதவன் ஓட்டக்கூடாது என்பது அப்போதும் சட்டம்தான். ஆனால் அது ரோட்டுக்கு. எங்கள் தோட்டத்து வாசலில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே ஒரு இரும்புச் சங்கிலி கட்டியிருக்கும். அதற்கு மேலே எங்கள் மண், எங்கள் பாதை. அங்கே யார் ஓட்டினாலும் கேட்க ஆளில்லை. சங்கிலிக்கு மேலே எழுதாத சட்டம் ஒன்றும் இருந்தது. முதலாளி வீட்டு ஜீப்பு ஹாரன் அடித்தால் எல்லோரும் ஒதுங்க வேண்டும். கூடையோடு வரும் பெண்கள் சரிவில் ஏறி, புதரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் அவர்கள்மேல் சேற்றை வாரி இறைத்துவிட்டுப் போவேன். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு ஹாரன் அடிக்கத்தான் தெரியும்.

மலை ரோட்டின் வழக்கம் வேறு. அங்கே ஹாரன் ஒரு கேள்வி. வளைவுக்கு முன்னால் அடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, காது கொடுக்க வேண்டும். கீழேயிருந்து ஹாரனோ மணியோ மனிதக் குரலோ பதிலாக வந்தால் இறங்குகிற வண்டி நிற்க வேண்டும். சுமையோடு ஏறி வருகிறவனுக்குத்தான் வழி. இது எனக்குத் தெரியும். மனப்பாடமாகத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்ற சாக்கு எனக்கு இல்லை.

எங்கள் டிரைவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும். போரில் பர்மாப் பக்கம் லாரி ஓட்டியவர். வாய் நீளம். நான் கியரை அரைத்தால், "என்னப்பு, மாவா ஆட்டுறீக?" என்பார். அப்பாவுக்கு முன்னால் என்னைச் 'சின்ன முதலாளி' என்பார், தனியாக இருந்தால் 'தம்பி'. எங்கள் ஜீப்பை அவர் ஒரு வண்டியாகவே மதித்ததில்லை. அவருக்கு வேண்டியது பஸ்சு. போடியில் பஸ் வைத்திருந்த ஒருவர், சித்திரை பிறந்ததும் மலை வழித்தடத்துக்கு இவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். லைசென்சில் ஒரு கறை இருக்கக்கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

"ஜீப்பு ஓட்டுறதெல்லாம் ஒரு சோலியா தம்பி? நாப்பது பேரு எம்முதுகப் பாத்துக்கிட்டே தூங்கணும். அதுதேன் டிரைவரு."

அப்பா போடியில் ஏலக்காய் மண்டிக்குப் போகும்போதெல்லாம் என்னைப் பற்றிப் பேசுவார். வியாபாரிகள் கேட்டுத் தலையாட்டுவார்கள். ஒருநாள் யாரோ, "தோட்டத்துக்குள்ள ஓட்டுனா ஆச்சா? மலை எறங்குவானா ஒம்மகன்?" என்று கேலி செய்துவிட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த முறை இறங்கும்போது நான்தான் ஓட்ட வேண்டும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். படிப்பில் நான் எடுத்த மார்க்கு ஒன்றைக்கூட அவர் இப்படித் தூக்கிக்கொண்டு திரிந்ததில்லை.

மெட்டுச் சோதனைச் சாவடி வரை டிரைவர் ஓட்டினார். சாவடியைத் தாண்டி, முதல் வளைவு மறைந்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"எறங்கு. அவன் ஓட்டட்டும்."

டிரைவர் இறங்கவில்லை. "முதலாளி, சங்கிலிக்கு மேல எம்புட்டு வேணாலும் ஓட்டட்டும். இது ரோடு. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா ஏ லைசென்சு போயிரும். சித்திரைக்கு இன்னும் ரெண்டு மாசந்தேன் கெடக்கு."

"ஏன்டா, சாமி கும்பிட்டு எறங்குறப்ப வாய வைக்கிற? நான் பக்கத்துல இருக்கேன்ல?"

டிரைவர் பின்னால் போய் ஏலக்காய் மூட்டைகளின்மேல் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாமென்று சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கிறார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் சில வளைவுகளில் ஒழுங்காகக் குறைத்து, நின்று, கேட்டு இறங்கினேன். பின்னாலிருந்து, "அப்படித்தேன்" என்று குரல் வந்தது. பிறகு அப்பா சொன்னார்: "என்னடா பொம்பளப் புள்ள மாதிரி தடவிக்கிட்டு வர்ற? இருட்டுறதுக்குள்ள போடிக்குப் போகணுமா வேணாமா?"

அடுத்த வளைவில் ஹாரனை நீளமாக அடித்தேன். அடித்துக்கொண்டே திருப்பினேன். தோட்டத்தில் அடிப்பதைப் போல. ஹாரன் அடித்தால் மனிதர்கள் ஒதுங்குவார்கள் என்பது என் கையிலும் காலிலும் ஊறிப்போயிருந்தது. கீழேயிருந்து மணிச் சத்தம் வந்ததா என்று கேட்டால், வந்தது. என் காதில் விழுந்தது. விழுந்தும் ஓட்டினேன்.

வலது பக்கம் இருந்த அப்பாதான் முதலில் பார்த்தார். அவர் கத்திய பிறகுதான் நான் பிரேக்கை மிதித்தேன். பொதி ஏற்றிய இரண்டு மட்டக்குதிரைகள், நடுவில் அவற்றை ஓட்டி வந்தவர். முன்னால் வந்த குதிரை மிரண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத இடத்தில் மூட்டைகளோடு சரிவில் போய்விட்டது. அதன் சத்தம் கீழே வெகுநேரம் கேட்டது. பொதிக்காரர் ஜீப்பின் மூக்குக்கும் மலைக்கும் நடுவில் இடுப்பு நசுங்கிக் கிடந்தார். குதிரையோடு உருண்டது எங்கள் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி என்பது பிறகுதான் தெரிந்தது.

டிரைவர் குதித்து ஓடி அவரைத் தூக்கப் போனார். அப்பா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"மொதல்ல நீ வந்து சீட்டுல உக்காரு. வண்டிச் சத்தம் கேக்குது."

"ஆளு கெடக்கான் முதலாளி!"

"உக்காருடா. லைசென்ச நான் பாத்துக்கிறேன்."

கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. நான் இடது பக்கம் இறங்கி, சுற்றி வந்து, பின்னால் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவே போய் உட்கார்ந்தேன். டிரைவர் நான் காலி செய்த இடத்தில் ஏறினார். அவர் ஏன் ஏறினார் என்று பிற்காலத்தில் யார் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் மனைவியும் பிள்ளைகளும் எங்கள் தோட்டத்து லயத்தில், நாங்கள் கொடுத்த வரிசை வீட்டில், குடியிருந்தார்கள். இதற்குமேல் காரணம் வேண்டுமா?

பொதிக்காரர் பிழைத்தார். ஆனால் பிறகு நேராக நடக்கவில்லை. ஆஸ்பத்திரியில், "சின்னப் பையன்தேன் ஓட்டுனான்" என்று போலீசிடம் சொல்லியிருக்கிறார். அன்றிரவே அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். அதன்பின் பொதிக்காரருக்கு எதுவும் நினைவில்லை. எங்களுக்குச் சுமை ஏற்றித்தான் அவரும் பிழைக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை போலீஸ் அதிகாரி எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். என்னைக் கூப்பிட்டு, "யாரு தம்பி ஓட்டினது?" என்று கேட்டார். அவருக்குத் தெரியும். கேட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? அபராதம், திட்டு, கொஞ்ச நாள் ஊர்ப்பேச்சு. வயது வராத பையனை யாரும் தூக்கில் போடப் போவதில்லை.

"டிரைவர்தான்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மெதுவாப் போகச் சொல்லி நான் சொல்லிக்கிட்டேதான் வந்தேன் சார். அவர் கேக்கல" என்றும் சேர்த்துச் சொன்னேன். அதை எனக்கு அப்பா சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்குகிற பையன் நான். பொய்யையும் அழகாக எழுதினேன். இவ்வளவு வயதாகியும் நினைத்தால் என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருப்பது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

கோர்ட்டில் டிரைவரின் லைசென்சை ரத்து செய்தார்கள். லைசென்சைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அப்பா, அவரை ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் விறகு தள்ளும் வேலைக்கு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அதைப் பெரிய தருமம் மாதிரி சொன்னார். டிரைவர் வரவில்லை. குடும்பத்தோடு லயத்தைக் காலி செய்துவிட்டுப் போடிக்கு இறங்கினார்.

கோடை விடுமுறையில் என்னைக் கடைவீதியில் பிடித்தார். "தம்பி, கோர்ட்டு வேணாம், ஒண்ணும் வேணாம். பஸ்சுக்காரர்ட்ட மட்டும் வந்து ஒரு வார்த்த சொல்லு. நான் ஓட்டலன்னு சொல்லு, போதும்."

போனேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது, நல்லவன் ஆகப் போகிறேன் என்று. பஸ் முதலாளி ஷெட்டில் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே சிரித்தார்.

"வாய்யா, பதினஞ்சு வயசுல மலை எறங்குன வீரரு. ஒங்கப்பன் மண்டியில சொல்லாத நாளில்ல. குதிர குறுக்க வராட்டி போடி வரைக்கும் வந்திருப்பியாம்ல?" பிறகு டிரைவரிடம் திரும்பினார். "நீ ஓட்டலன்னு எனக்குத் தெரியும்யா. ஊருக்கே தெரியும். ஆனா கோர்ட்டு ஓம்பேருலல்ல எழுதியிருக்கு? லைசென்சு இல்லாதவன் கையில நான் எப்படி பஸ்சக் குடுக்க? இந்தப் பையன ஸ்டேசன்ல போயிச் சொல்லச் சொல்லு."

ஊருக்கே தெரியுமாம். பொய்ச்சாட்சி சொல்ல வைத்த அதே மனிதர், மண்டியில் உட்கார்ந்து, ஓட்டியது என் மகன்தான் என்று பெருமை பேசியிருக்கிறார். கேட்டவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு ரசித்திருக்கிறார்கள். ஒருவனுக்கும் அந்த டிரைவரின் முகம் நினைவுக்கு வரவில்லை.

ஷெட்டை விட்டு வெளியே வந்தோம். போலீஸ் ஸ்டேஷன் அதே தெருவின் கோடியில்தான். டிரைவர் கேட்டார்: "போவமா தம்பி?"

"அப்பாவக் கேட்டுட்டு வர்றேண்ணே" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுட்டு வாங்க, சின்ன முதலாளி" என்றார். நான் அப்பாவைக் கேட்கவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

பதினெட்டு முடிந்ததும் எனக்கு லைசென்ஸ் கிடைத்தது. இறக்கத்தில் வளைவு வந்தால் என்ன செய்வாய் என்று அதிகாரி கேட்டார். ஹாரன் அடித்து, குறைத்து, காது கொடுத்து, ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுவேன் என்று பிசகாமல் சொன்னேன். "நல்ல பையன்" என்றார்.

அந்த வாரமே போடிக் கடைவீதியில் ஜீப்பில் வந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் ஏலக்காய் மூட்டை ஏற்றிய கைவண்டியைத் தெருவின் நடுவில் இழுத்துக்கொண்டு போனார். ஹாரன் அடித்தேன். முதுகைப் பார்த்ததும் எங்கள் டிரைவர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் கை அதற்குள் அடித்துவிட்டது. அவர் ஒதுங்கவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. நான் முதல் கியரில், அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, மண்டி வரை ஊர்ந்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை, தேடவும் இல்லை.

இதெல்லாம் எழுதி முடித்த பின், அந்த வீடியோவில் தெரிந்த கைக்குச் சொந்தக்காரரோடு பேச வேண்டும் என்று பேரனிடம் சொன்னேன். அவனுக்கு வேடிக்கையாக இருந்தது. தோட்டத்துக்குப் போயிருந்தபோது அவர் கையில் கைபேசியைக் கொடுத்தான்.

"சொல்லுங்கய்யா."

நடந்ததை எல்லாம் சொன்னேன். சங்கிலிக்கு மேலே தொடங்குவது அங்கேயே நிற்காது என்றேன். பையன் ஸ்டீயரிங்கைத் தொட்டால் நீங்கள் வண்டியை விட்டு இறங்கிவிடுங்கள் என்றேன்.

"முதலாளி உக்காரச் சொன்னா என்னங்கய்யா செய்ய?" என்றார். பிறகு கேட்டார்: "அப்புறம் அவரு பஸ்சு ஓட்டுனாராங்கய்யா?"

"இல்லை" என்றேன்.

அவருக்குப் பின்னால் அந்தப் பையன் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். "வெரசா வாங்கண்ணே" என்று கத்தினான். "வர்றேன் தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் கைபேசியை வைத்தார்.