கெட்ட அப்பாவாக நடித்தவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வெறும் போத்தல்களைக் கடையில் திருப்பிக் கொடுத்ததுதான். ஒஸ்லோவில், ஹவுகெட்டோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. வாசலோரச் சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை. போத்தலை வைத்தால் இயந்திரம் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு விழுங்கும். வினோஜா பையைப் பிடித்துக்கொண்டாள். சண்முகலிங்கம் ஒவ்வொன்றாக வைத்தார். நசுங்கிய ஒன்றை இயந்திரம் வெளியே தள்ளியது.

"பேப்பர் சரியில்லையாம், திருப்பி அனுப்புறாங்கள்" என்றார், குடிவரவு அதிகாரியின் குரலில். மறுபடி வைத்தார். மறுபடி தள்ளியது. "அப்பீலும் போச்சு."

பின்னால் நின்ற நோர்வேஜியப் பெண் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொலைக்காட்சித் தொடரில் மகளைப் பூட்டி வைத்த அப்பா நீங்கள்தானே என்று கேட்டாள். ஓம் என்றார். "உங்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது என்று இருந்தது" என்றாள் அவள். சண்முகலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குக் கைகொடுத்து, மிகுந்த மகிழ்ச்சியோடு நன்றி சொன்னார்.

அது செவ்வாய்க்கிழமை. வியாழன் காலை, தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, குசினிக் கதிரையில் இருந்தபடியே இறந்துபோனார். இதயம் நின்றுவிட்டது. வயது அறுபத்திமூன்று.

அவர் நடிகரானது பாட்ஸ்பியோர்ட்டில். எண்பத்தேழாம் ஆண்டு, நோர்வேயின் வடக்குக் கடலோரத்தில் மீன் வெட்டும் தொழிற்சாலை. அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் எட்வேட். கரகரத்த குரல், வசனத்தின் முடிவை விழுங்கிவிடும் பேச்சு. ஒரு நாள் சண்முகலிங்கம் குனிந்து மீனைக் கீறியபடியே, எட்வேட்டின் குரலில் "இடைவேளை!" என்று கத்தினார். வரிசை முழுக்கக் கத்தியை வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போய்விட்டது. எட்வேட் வேலையை விட்டு நிறுத்துவார் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவர் வந்து, இன்னொரு தடவை செய்து காட்டு என்று கேட்டார். பிறகு, உனக்கு இது இடமில்லை, நீ தெற்கே போ என்றார்.

தெற்கே வந்தார். ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அந்த வேலையை அவர் கடைசி வரை விடவில்லை. ஒருமுறை ஒரு படக்காரருக்கு மழையில் ஓட ஒரு கறுத்த மனிதர் தேவைப்பட்டார். இவர் ஓடினார். அதற்குப் பிறகு இருபத்தைந்து வருடம் நோர்வேஜியப் படங்களில் டாக்சி ஓட்டினார், கியோஸ்க்கில் சிகரெட் விற்றார், நாலைந்து தடவை செத்தார். ஒருமுறை டாக்டராக வந்தார். இரண்டு வசனம். அதற்காக ஒரு மாதம் வீட்டில் டாக்டராகவே திரிந்தார். மனைவி விமலாதேவிக்குத் தலையிடி என்றால் நாடி பிடித்துப் பார்ப்பார். "முதலிலை போய்க் குப்பையைப் போட்டிட்டு வாங்கோ டொக்டர்" என்பாள் அவள்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது வானொலியில். ஒஸ்லோத் தமிழர்களின் சிறிய வானொலி அது, சனிக்கிழமை மாலைகளில் ஒலிபரப்பு. அதை நடத்தியவர் சச்சிதானந்தன். சனிக்கிழமை நாடகத்தில் குடிகாரன், வட்டிக்காரன், சொத்தைச் சுருட்டும் சித்தப்பா, எல்லாம் சண்முகலிங்கம்தான். நாடகம் முடிந்ததும் மரண அறிவித்தல். அதையும் அவர்தான் வாசித்தார். எழுந்து நின்றுதான் வாசிப்பார். செத்தவருடைய பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு எடுப்பார். அந்த மூச்சு வானொலியில் கேட்கும். "செத்தால் எனக்குச் சண்முகலிங்கம்தான் வாசிக்கவேணும்" என்று ரொம்மனிலும் ஹோல்ம்லியாவிலும் வயசாளிகள் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள்.

பிறகு அந்தத் தொடர் வந்தது. இயக்குநர் மேரின் அவருக்குக் கொடுத்தது முதல் பெரிய வேடம். மகளின் கடவுச்சீட்டை ஒளித்து வைத்து, அவளை அறைக்குள் பூட்டும் தமிழ் அப்பா. ஆறு வாரம் ஓடியது. நோர்வேஜியர்கள் புகழ்ந்தார்கள். கோயிலில் ஒரு பெண்மணி வினோஜாவைத் தனியாகத் தூணோரம் கூட்டிக்கொண்டு போனாள். "பிள்ளை, வீட்டிலை ஏதும் பிரச்சினை எண்டால் மறைக்காமல் சொல்லும். பார்னவேர்ன் நம்பர் என்னட்டை இருக்கு" என்று காதுக்குள் சொன்னாள். வினோஜாவுக்கு அப்போது முப்பது வயது; சிறுவர் பாதுகாப்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போகும் வயதல்ல. வீட்டுக்கு வந்து சொன்னபோது சண்முகலிங்கம் துள்ளினார். "பாத்தியே? அப்ப நான் நல்லாத்தான் செய்திருக்கிறன்!"

அந்தத் துள்ளல் சனிக்கிழமை வரைதான். அன்று சச்சிதானந்தன் நாடகத்தை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைத் திறந்துவிட்டார். "எங்கட முகத்திலை கரி பூசினவரைப் பற்றி நேயர்கள் கதைக்கலாம்" என்றார். ரொம்மனிலிருந்து ஒரு தாய் கதைத்தாள். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நண்பர் கதைத்தார். பெயர் சொல்லாவிட்டால் என்ன, சண்முகலிங்கத்துக்கு ஒவ்வொரு குரலும் யாருடையது என்று தெரியும். குசினியில் நின்றபடி கடைசி வரை கேட்டார். அடுத்த கிழமை மரண அறிவித்தலை வேறொருவர் வாசித்தார். அவருக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை.

ஐந்து வருடம். அதற்குள் செத்தவர்களின் பெயர்களை அவர் சனிக்கிழமைகளில் குசினியில் நின்று கேட்டார். யாருடைய பெயராவது பிழையாக உச்சரிக்கப்பட்டால் மட்டும் தலையை ஆட்டுவார். வினோஜா அதைப் பார்த்திருக்கிறாள். அந்தத் தலையாட்டலுக்குச் சச்சிதானந்தன் ஒரு நாள் விலை கொடுக்கவேண்டும் என்று மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா இறந்த வாரத்துச் சனிக்கிழமை, சச்சிதானந்தனே அவருடைய மரண அறிவித்தலை வாசித்தார். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. "எங்கள் வானொலியின் தூண்" என்றார். இரண்டு கிழமை கழித்துத் தொலைபேசி எடுத்தார்.

"வினோ பிள்ளை, முப்பத்தோராம் நாள் ரொம்மன் மண்டபத்திலை அப்பாவுக்கு ஒரு நினைவு விழா வைக்கிறம். குரல்வேந்தர் எண்டு பட்டம். அம்மாவுக்குப் பொன்னாடை. நேரடி ஒலிபரப்பு."

"சரி, மாமா."

"சவுண்ட் பாக்கிற பெடியன் ஊருக்குப் போயிட்டான். நீர் அதிலைதானே படிச்சனீர்? நீர் பாத்தால் அப்பாவின்ர ஆத்மாவும் சந்தோசப்படும்."

வினோஜா ஒலியியல் பொறியாளர். சுரங்கப்பாதைகளில் எதிரொலி அளப்பதும் அலுவலகக் கட்டடங்களில் இரைச்சலைக் குறைப்பதும் அவளுடைய வேலை. "நான் பாக்கிறன்" என்றாள். போனை வைத்த கையோடு திட்டம் வந்துவிட்டது.

சச்சிதானந்தனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மண்டபத்தில் பேசினாலும் ஹெட்போன் போட்டுக்கொண்டுதான் பேசுவார். தன் குரலைத் தான் கேட்காமல் அவருக்குப் பேச வராது. ஒருவர் பேசும் சொல்லை அவர் காதுக்கே ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்கு பிந்தி அனுப்பினால் நாக்கு தடுமாறும். எவ்வளவு பெரிய பேச்சாளனுக்கும் பேச்சுத் திக்கும், இழுபடும், குடித்தவனுடையது போலாகும். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு எந்த இயந்திரமும் தெரியாது. மனிதர் உளறுகிறார் என்று மட்டும் தெரியும். வினோஜா அலுவலகத்தில் தன் மேலேயே பரீட்சித்துப் பார்த்தாள். தன் வீட்டு முகவரியைச் சொல்லி முடிக்க முடியவில்லை. மனம் குளிர்ந்தது. அப்பாவிடமிருந்து குரலை எடுத்தவரிடமிருந்து, அவருடைய ஊர் பார்க்க, அவருடைய வானொலியிலேயே, குரலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

மண்டபம் நிரம்பியிருந்தது. மேடையில் சண்முகலிங்கத்தின் படம், மாலையோடு. மேரினும் வந்து மூன்றாவது வரிசையில் ஒன்றும் விளங்காமல் மரியாதையாக உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தின் பின்னால் ஒலி மேசையில் வினோஜா. சச்சிதானந்தன் ஹெட்போனை மாட்டி, தொண்டையைச் செருமினார்.

"அன்பான உறவுகளே" என்பது சரியாக வந்தது. வினோஜா பொத்தானை அழுத்தினாள்.

"எங்கள்... எங்க்க... வானொலியின்... தூ... தூண்..."

அவர் நிறுத்தினார். விழித்தார். வானொலிக்காரர் குரல் சரியில்லை என்றால் என்ன செய்வார்? ஹெட்போனை இன்னும் இறுக்கிக் காதோடு அழுத்தினார். இன்னும் மோசமாகியது. "சண்... சண்முக... லிங்... லிங்கம்..." நெற்றி வியர்த்தது. ஒரு பெயரைச் சொல்லி முடிக்க முடியாமல் அவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். வினோஜா ஐந்து வருடமாகச் சாப்பிடாத ஒரு சாப்பாட்டைச் சாப்பிடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள்.

"பாவம், சச்சி அண்ணைக்குத் தொண்டை அடைக்குது."

"உயிர்ச் சிநேகிதன் எல்லே."

ஒருத்தியிடமிருந்து அடுத்தவளுக்கு, வரிசை வரிசையாக அழுகை பரவியது. சச்சிதானந்தன் பயத்தில் ஹெட்போனைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது, தனக்குப் பாரிசவாதம் வந்து நாக்கு விழுந்துவிட்டதோ என்ற பயத்தில். மண்டபம் அதைத் துக்கம் என்று வாசித்தது. யாரோ எழுந்து நின்றார்கள். பிறகு எல்லோரும் எழுந்து நின்றார்கள். மேரின்கூட எழுந்தாள். இருபத்தைந்து வருடம் நடித்த சண்முகலிங்கத்துக்கு ஒரு நாளும் எழுந்து நிற்காத ஊர், சச்சிதானந்தனுடைய நாக்குப் பிறழ்வுக்கு எழுந்து நின்றது.

வினோஜா பழிவாங்கப் போய் அந்த மனிதருக்கு வாழ்நாளின் சிறந்த வேடத்தைக் கொடுத்துவிட்டாள்.

பொன்னாடையும் கேடயமும் வந்தன. விமலாதேவியை மேடைக்கு அழைத்தார்கள். அம்மா அசையவில்லை. அவள் அந்த மேடையைப் பார்க்கவே இல்லை, நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். வினோஜா ஒலி மேசையை விட்டு எழுந்து நடந்தாள். ஒலிவாங்கியைச் சச்சிதானந்தனின் கையிலிருந்து எடுத்தாள்.

"இந்தப் பட்டம் எங்களுக்கு வேண்டாம். அப்பாவின்ர குரலை ஐஞ்சு வருசத்துக்கு முன்னம் நிப்பாட்டினது இந்த வானொலி. அண்டைக்குப் போன் எடுத்துக் கதைச்ச ஆக்களும் இஞ்சை இருக்கிறியள். பேர் சொல்லேல்லை எண்டால் தெரியாதெண்டு நினைக்க வேண்டாம். அப்பாவுக்கு எல்லாற்ற குரலும் தெரியும்."

முன்வரிசையில் விம்மல் நின்றது.

"இன்னொண்டு. இவர் இப்ப அழுததும் துக்கத்திலை இல்லை. நான் ஹெட்போனிலை இவற்ற குரலைப் பிந்திப் பிந்தி அனுப்பினனான். அதுதான் நாக்குத் தடுமாறினது. நீங்கள் எழும்பி நிண்டது ஒரு மெஷினுக்கு."

 பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது.

"வில்லன்ர மகள் வில்லிதானே!"

"ஓம்" என்றாள் வினோஜா. "நல்லாச் செய்தனானோ?"

கேடயத்தை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இறங்கினாள். எல்லாம் நேரடியாக ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. அவளுடைய மேசையில் நிறுத்தும் பொத்தான் எது என்று வேறு யாருக்கும் தெரியாததால் யாராலும் நிறுத்த முடியவில்லை.

அரை மணி நேரத்தில் மண்டபம் வெறுமையாகியது. வடையும் தேநீரும் அப்படியே இருந்தன. வினோஜா வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சச்சிதானந்தன் வந்து எதிரே நின்றார். முகம் ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது. அவள் நிமிரவில்லை.

"பாரிசவாதம் எண்டு நினைச்சிட்டன், பிள்ளை."

"நல்லது."

"உம்மிலை எனக்குக் கோவம் இல்லை எண்டு சொல்லமாட்டன். கோவம்தான்." அவர் மூச்சு விட்டார். "ஆனால் ஒண்டு சொல்லவேணும். உம்மட அப்பா சாகிறதுக்கு முதல் கிழமை எனக்குப் போன் எடுத்தவர்."

வினோஜாவின் கை நின்றது.

"ஐஞ்சு வருசத்திலை முதல் தரம். சனிக்கிழமை பத்து நிமிசம் தா எண்டார். ரெக்கோடிங் வேண்டாம், நேரடி வேணும், ரெக்கோடிங் எண்டால் நீ வெட்டிப்போடுவாய் எண்டார். என்ன கதைக்கப் போறாய் எண்டு கேட்டன். வந்து கதைக்கேக்கை கேள் எண்டார்."

"குடுத்தியளோ?"

"குடுத்தன். பயமாத்தான் இருந்தது. எண்டாலும் குடுத்தன். வெள்ளிக்கிழமைதான் ஆள் செத்துப்போச்சுது எண்டு அறிஞ்சன். அந்தப் பத்து நிமிசத்திலைதான் மரண அறிவித்தலை வாசிச்சனான்."

"மன்னிக்கப் போறார் எண்டு நினைச்சியளோ?"

"உம்மட அப்பாவோ?" சச்சிதானந்தன் முதல் தடவையாக ஒரு வறண்ட சிரிப்புச் சிரித்தார். "அவர் என்னை உரிச்சுத் தொங்கவிட்டிருப்பார், பிள்ளை. எத்தினை குரலிலை எண்டுதான் தெரியாது."

அவர் போய்விட்டார். காரில் அம்மா முன் இருக்கையில் காத்திருந்தாள். வினோஜா எஞ்சினைப் போடாமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா அந்தச் சனிக்கிழமை எங்கையும் போக இருந்தவரோ?"

"ரேடியோவுக்கு எண்டார். உனக்குச் சொல்ல வேண்டாமாம், நீ குழப்பிப்போடுவாயாம்." விமலாதேவி இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டினாள். "நீலச் சேட்டை அயன் பண்ணித் தரச் சொன்னவர். ரேடியோவுக்கு என்னத்துக்குச் சேட்டு, ஆர் பாக்கப் போகினம் எண்டு கேட்டன்."

"என்ன சொன்னவர்?"

"சச்சி பாப்பான் எண்டார்."

சட்டை அயன் பண்ணி அறைக்கதவில் தொங்கியது. அவர் போகவில்லை.