வெற்றிலைக் கொடி ஊர் மாறிய பஸ்

பஸ் கண்டக்டருக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. அவன் மற்றவர்களை ஊர் மாற்றுகிறவன். காக்கிச் சட்டையில் வியர்வை காய்ந்து உப்புப் பூத்த சகோதரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் நான் பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல், ராசிபுரம் வழியாகச் சேலம் போகும் வண்டியில் இருந்தேன். பையில் டிக்கெட்டோடு ஒரு பூகோளப் புத்தகமும் இருக்கும். மனிதர்கள் ஊர் பெயர்வதற்குக் காரணம் மூன்று, அவை பஞ்சம், போர், பிழைப்பு என்று அதில் போட்டிருந்தது. ஏறுகிறவர்களை இம்மூன்றில் ஒன்றுக்குள் அடைப்பது என் பொழுதுபோக்கு. ஒரு மாசி மாதத்துப் பகலோடு அது கெட்டது.

செருப்புக்கு இடமில்லை

வேலூரில் பாவாயி என்றொரு பெண் மூன்று ஈரச் சாக்கு மூட்டைகளோடும் ஒரு குடம் தண்ணீரோடும் ஏறினாள். மூட்டைக்குள், வாழை மட்டையில் சுற்றிய வெற்றிலைக் கொடித் துண்டுகள். காவேரிக் கரையில் அவர்கள் குத்தகைக்குச் செய்துவந்த கொடிக்காலை, அந்த வெற்றிலைத் தோட்டத்தை, உடையவர் விற்றுவிட்டார். புருஷன் செங்கோடன் முன்னமே ஆத்தூர்ப் பக்கம் போய், விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு நிலம் பேசி, கொடி ஏறுவதற்கு அகத்தியும் வளர்த்துவிட்டான். கொடி காயாமல் போய்ச் சேர்ந்தால் நிலம் அவர்களுக்கு. காய்ந்தால் நிலத்துக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார்.

மூட்டைகளை மேலே போட விடவில்லை, வெயில் தின்றுவிடுமாம். உள்ளே வைத்த கையோடு, எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும் என்றாள். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை, சரி. பஸ்ஸுக்குள்ளுமா? சேலத்து ஜவுளி வியாபாரி ஒருவர், காலில் பூட்ஸும் வாய் நிறைய வெற்றிலையுமாக, "மென்னு துப்பற பொருளுக்கு என்னம்மா மரியாதை?" என்றார். "நீங்க மெல்றது எலைங்க. இது கொடிங்க" என்றாள். முனகிக்கொண்டே கழற்றினார். டிரைவர் குப்பண்ணனும் கழற்றினார். பிரேக் கட்டை காலைச் சுடுகிறது என்று வழியெல்லாம் புலம்பினார். நான் புத்தகத்தை நினைத்துக்கொண்டு, "பிழைப்புக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பொழப்புக்குப் போனது எங்க ஊட்டுக்காரருங்க. நான் கொடிக்குத் தொணைக்குப் போறனுங்க."

பூட்டாத கதவு

நாமக்கல்லில் நெல் அறுக்கும் ஆட்கள் ஏறினார்கள். அரிவாள், சட்டி பானை, கைக்குழந்தை, கோழி எல்லாம் உண்டு. கோழிக்கு டிக்கெட் இல்லை என்று நான் சொன்னதும் அதைப் பெரிய சலுகையாக எடுத்துக்கொண்டார்கள். இவர்கள் கட்டாயம் ஊரை விட்டே கிளம்பியவர்கள் என்று தீர்மானித்து விசாரித்தேன். முன்னால் நின்றவர் சிரித்துவிட்டார்.

"கதவச் சாத்திட்டு வந்திருக்கறமுங்க, பூட்டலீங்க. பூட்டாமப் போனா அது போறதுல சேராதுங்க."

புத்தகத்தில் இல்லாதவர்கள்

ராசிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பத்துப் புதுப்பெண் ஏறினாள். ஜலகண்டாபுரத்தில் மாமியார் வீடு. ஊர்ப் பொதுச்சாவடி தாண்டும் வரை அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் கையில் என்ன புத்தகம் என்று கேட்டாள். ஆறுதலாக இருக்கட்டும் என்று மூன்று காரணங்களையும் வாசித்துக் காட்டினேன். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை மரியாதையாகத் தலையாட்டினான். அவள் ஆட்டவில்லை.

"எங்கூருல பாதிச் சனம் கட்டிக்குடுத்து ஊரு மாறி வந்தவங்க. இத எழுதுனவரு ஊட்டுல பொம்பளையே இல்லீங்களா?"

குடத்துத் தண்ணீர்

மல்லூர் எட்டும் முன்பே வண்டி கொதித்து ஆவி விட்டு நின்றது. அருகிலிருந்த கிணற்றில் பாறைதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரிந்த தண்ணீர், பாவாயி ஊருக்கு ஊர் மூட்டைகள் மேல் தெளித்துவந்த குடம் ஒன்றுதான். குப்பண்ணன் அதையே பார்த்தார். பாவாயி மூட்டைக்குள் கையை விட்டு ஈரம் பார்த்தாள், வெயிலைப் பார்த்தாள். "வண்டி போகாட்டி கொடியும் போகாதுங்க" என்று குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். ஒரு சொட்டு மிஞ்சவில்லை.

வண்டி கிளம்பியது. சாக்கு ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. இதற்கிடையே சாலையில் இறங்கி ஏறிய வியாபாரி மறுபடி பூட்ஸ் போட்டிருந்தார். திடீரென்று குனிந்து அதைக் கழற்றினார். இருக்கைக்கடியில் துண்டு போர்த்தி வைத்திருந்த பித்தளைக் கூஜாவை எடுத்துத் திருகி, மூன்று மூட்டைகள் மேலும் தம் கையாலேயே தெளித்தார். அதைப் பார்த்து அறுப்பு ஆட்களின் சுரைக்குடுக்கைகளும் வெளியே வந்தன. இவ்வளவு தண்ணீர் வண்டிக்குள் இருந்ததா என்று நான் வியந்தபோது, வியாபாரி என் காதோடு சொன்னார்:

"கேட்டிருந்தா இல்லேன்னுதான் சொல்லியிருப்பேன். அந்தம்மா கேக்கவே இல்லையே."

சேலத்தில்

ஆத்தூர் வண்டியருகே செங்கோடன் நின்றிருந்தான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பிரித்து ஒரு தண்டை நகத்தால் கீறினான். பச்சை. அதற்குப் பிறகுதான், "சாப்புட்டியா?" என்றான்.

ஆடி கழிந்து ஒருநாள், உறவு விசேஷத்துக்காக வேலூர் போகப் பாவாயி என் வண்டியில் ஏறினாள். அவர்கள் கொடிக்காலின் முதல் கிள்ளு என்று, நூறு இலைக் கட்டு ஒன்றை என் மடியில் வைத்தாள். புது ஊர் எப்படி என்று கேட்டேன்.

"கொடி வேரு வுட்டுருச்சுங்க, சாமி. எனக்குத்தானுங்க இன்னும் வுடலை."

மனிதர்கள் ஏன் ஊர் மாறுகிறார்கள் என்று ஆராயப் புறப்படும் படித்தவர்களுக்கு ஒரு பழைய கண்டக்டரின் விண்ணப்பம், முதலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.