எழில்மொழி சேற்றில் இறங்கிய நாள்

"வடக்கத்தியானோட ஓடிப்போவப் போறாளா? யாரு, எம்பொண்ணா?" அம்சம் ரேஷன் கடை வரிசையிலேயே பையைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற செந்தாமரை விடவில்லை. "நான் சொல்லலக்கா, தெருவே சொல்லுது. வைரக்கண்ணு மோட்டார் கொட்டாயில அந்த நடவுக்காரனுவளோட ஒக்காந்து ஒம்பொண்ணு டீ குடிச்சுதாமே?"

"டீயத்தானடி குடிச்சா, ஒங்க வீட்டு ரத்தத்தையா குடிச்சா? அது அவ படிப்பு."

"டீ குடிக்கக்கூடவா படிப்பு வந்துடுச்சு?"

வரிசையே சிரித்தது. சிரித்தவர்கள் சிரிக்கட்டும். படிப்புதான் அது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் அந்தத் தெருவிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் எழில்மொழி. இப்போது தஞ்சாவூரில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறாள். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வருகிறவர்களை முன்பே அங்கிருப்பவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வையைக் கிளறிவிட்டு யார் ஓட்டு வாங்குகிறார்கள், இதுதான் அவள் எடுத்துக்கொண்ட விஷயம். அதைத் தேடி அவள் தூர தேசம் போகவில்லை. வங்காளத்திலிருந்து ரயிலேறி வந்த ஆண்கள் அவள் ஊர் வயலிலேயே நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். தேர்தல் நேரத்தில் "வெளியாள் நம் சோற்றைப் பிடுங்குகிறான்" என்று மைக்கில் கத்திய வைரக்கண்ணு, தேர்தல் முடிந்ததும் தன் பத்து ஏக்கரில் அவர்களைத்தான் இறக்கினார்.

அம்சம் முப்பது வருடமாக நடவுப் பெண்களின் செட்டுக்குத் தலைவி. அவளுக்கு ஒரே பிடிவாதம்: மகள் காலில் சேறு படக் கூடாது. சின்ன வயதில் கட்டிவைத்த நாற்று முடிகளைத் தூக்கிப் போடுகிறேன் என்று வரப்புக்கு வந்தவளை, முதுகில் ஒன்று வைத்துப் பள்ளிக்கூடத்துக்கு விரட்டியவள் அவள்.

ரேஷன் கடையிலிருந்து அம்சம் வீட்டுக்கு வந்தபோது, எழில்மொழி மடிக்கணினியை மூடிவைத்து அதன்மேல் தலையைச் சாய்த்திருந்தாள்.

"அம்மா, நம்ம தெருவுல யாருமே நடவுக்குப் போறதில்லையா?"

"யாரு சொன்னா?"

"அவங்களேதான் சொன்னாங்க. அறுபத்து நாலு பேரைக் கேட்டேன். அறுபத்தோரு பேரு போறதில்லன்னுட்டாங்க. செந்தாமரை சித்திகூட."

"நேத்து எம்பக்கத்துல குனிஞ்சு நின்னு எங்காதைத் தின்னது அப்ப யாரு, அவ பேயா?"

அம்சத்துக்கு நொடியில் விளங்கிவிட்டது. தாளும் பேனாவுமாக வீடு வீடாகப் போய், பேர் என்ன, கதவு எண் என்ன, எத்தனை நாள் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறாள் பெண். நூறு நாள் வேலைக்குக் கணக்கெடுக்கிறார்கள், நடவுக்குப் போவது தெரிந்தால் அட்டையை வெட்டிவிடுவார்கள் என்று தெருவே பயந்துவிட்டது.

"இதை இப்படியே எழுதுனா, 'உள்ளூர்க்காரி எவளும் வேலைக்கு வர்றதில்ல'ன்னு வைரக்கண்ணு சொல்றதைத்தான் நானும் சொன்னதாவும்மா. ஒன்னையும் சேத்து." எழில்மொழி மடிக்கணினியைத் தள்ளிவைத்தாள். ஐதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகம் இரண்டு வருடம் தங்கி ஆராய இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. முதல் கட்டுரையைப் பார்த்துத்தான் முடிவு. அனுப்புவதற்குப் பத்து நாள்தான் பாக்கி.

அம்சம் அடுப்பைப் பற்றவைத்தாள், அணைத்தாள். பிறகு கொடியில் கிடந்த தன் பழைய புடவை ஒன்றை எடுத்து மகள் மடியில் போட்டாள்.

"நாளைக்கு அண்ணாதுரை வயல்ல நடவு. இதக் கட்டிக்க. தாளு பேனாவெல்லாம் இங்கயே கெடக்கட்டும்."

"நீதானேம்மா எறங்கக் கூடாதுன்னே?"

"நாந்தான் சொன்னேன். இப்ப எறங்குன்னும் நாந்தான் சொல்றேன்."

மறுநாள் எழில்மொழி வயலில் இறங்கினாள். அவள் நட்ட வரிசை பாம்பு போன வழி மாதிரி நெளிந்தது. பெண்களுக்குச் சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. "டாக்டரம்மா, நாத்துக்கு ஊசியா போடுறீங்க?" என்றாள் செந்தாமரை. அந்தச் சிரிப்பிலேயே, எதற்கு வந்தேன் என்பதை எழில்மொழி ஒளிக்காமல் சொன்னாள். தன் கேள்விக்கும் நூறு நாள் அட்டைக்கும் சம்பந்தமில்லை என்றும் சொன்னாள். பெண்களின் கை சேற்றில் ஓட, வாய் தானாகத் திறந்தது.

"நாங்க வரமாட்டோமா? கூப்புட்டாத்தானே வரலாம்! நாத்து பறிக்கிறதுலேர்ந்து நடுறவரைக்கும் வடக்கத்தி ஆளக் கொண்டார்ற ஏசண்டுகிட்ட மொத்தமா பேசி விட்டுடுறாங்க. நட்டு முடிச்சப்புறந்தான் நமக்கே தெரியுது. கேட்டா நாம சோம்பேறியாம்."

அடுத்த வயலில் வங்காளத்து ஆட்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நாற்று தீர்ந்தபோது, அவர்களில் வயதானவர் கேட்காமலே நாலு நாற்று முடியை வரப்பு தாண்டி வீசினார். எழில்மொழி தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் அவரோடு பேசிவிட்டுத் திரும்பினாள்.

"அவரு ஊர்லயும் ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஆளுங்க பொழைக்க வருவாங்களாம். அவங்களோட பேசுனாலே தெருவுல கதை கட்டிவிடுவாங்களாம், சித்தி."

செந்தாமரை நிமிர்ந்து அந்த மனிதரைப் பார்த்தாள். "அட, அங்கயும் ஒரு செந்தாமரை இருக்கா போலருக்கே!"

ரேஷன் கடையில் சிரித்த அதே பெண்கள் இப்போது எழில்மொழியோடு சேர்ந்து சிரித்தார்கள். எட்டு நாள் எழில்மொழி நட்டாள். அறுபத்து நாலு பேரையும் மறுபடி கேட்டாள்; இந்த முறை பயமில்லாமல் உள்ளதைச் சொன்னார்கள். பழைய விடை எப்படித் தவறாகிப்போனது என்பதையும் மறைக்காமல் கட்டுரையில் எழுதினாள். ஐதராபாத்தில் அவர்களுக்கு அந்தப் பகுதிதான் மிகவும் பிடித்திருந்ததாம். இடம் கிடைத்தது.

புறப்படும் காலையில் செந்தாமரை முறுக்குப் பொட்டலத்தோடு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"நீ எழுதுனதுல எம்பேரப் போட்டியாடி?"

"பேரை மாத்தித்தான் போடணும் சித்தி. அதான் மொறை."

"மாத்தாத. 'செந்தாமரை நடவுக்குப் போறா'ன்னே போடு. அட்டைய வெட்டுனா வெட்டட்டும்."

எழில்மொழி செருப்பை மாட்டக் குனிந்தாள். முந்தின நாள்கூட வயலில் இறங்கிவிட்டு வந்த அவள் கால் விரல் நகங்களின் ஓரத்தில் இன்னும் கறுப்பாகச் சேறு ஒட்டியிருந்ததை அம்சம் பார்த்தாள். துடைக்கச் சொல்லவில்லை. பையை எடுத்துக் கொடுத்தாள்.

"ரயிலுக்கு நேரமாச்சு, போ."

செந்தாமரை ஒதுங்கி வழிவிட்டாள். எழில்மொழி வாசற்படி தாண்டித் தெருவில் இறங்கினாள்.