இருபத்திரண்டாவது கேள்வி

வலியோடு வருகிறவர்களை முதல் பத்து நிமிஷம் தொடவே மாட்டார் என்பதுதான் அந்த மசாஜ்காரம்மாவைப் பற்றி ஊரில் இருந்த முதல் புகார். உள்ளே நுழைந்தால் படிவம் ஒன்றையும் நூல் கட்டிய பேனாவையும் நீட்டுவார். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, என்ன மாத்திரை, எலும்பு எப்போது முறிந்தது என்று இருபத்தோரு கேள்விகள் அச்சில் இருக்கும். எழுதிக் கொடுத்ததை நம்பாமல் வாயாலும் கேட்பார். ‘ஜட்ஜம்மா’ என்ற பேர் அப்படி வந்தது. எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதுகிறவரிடம்தான் எல்லாம் இருக்கும் என்பது அவருடைய சித்தாந்தம்.

விசாரணை முடிந்தால் மற்றதெல்லாம் சுகம். அவர் வெளியே போய்விடுவார். கூச்சம் விட்ட அளவுக்கு உடையைக் களைந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும். கதவைத் தட்டிவிட்டுத்தான் திரும்ப வருவார். மேசையின் தலைமாட்டில் ஓர் ஓட்டை. அதில் முகத்தைப் பதித்துவிட்டால் உலகில் மிஞ்சுவது தரையும் அவருடைய பழுப்புச் செருப்பும்தான். எண்ணெய்க் குப்பி வெந்நீர்க் கிண்ணத்தில் காத்திருக்கும். வேலை நடக்கும் இடத்தில் மட்டும் துண்டு விலகும். அழுத்தம் எத்தனை என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் கேட்பார். பெண்கள் உண்மையைச் சொல்வார்கள். ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ‘மூணு’ என்பார்கள். வலிக்காத பக்கத்தில்தான் தொடங்குவார். அது தொழிலின் பொது விதி, கத்துக்குட்டிக்கும் தெரியும்.

இருபத்திரண்டாவது கேள்வி மட்டும் அச்சில் இல்லை. படிவத்தின் அடியில், நீல மையில், அவர் கையாலேயே எழுதியது: ‘சமீபத்தில் நீண்ட நேரம் அசையாமல் இருந்தீர்களா?’ ஏன் சேர்த்தார் என்று கேட்டவர்களுக்குச் சிரிப்பைப் பதிலாகத் தந்தார். அவர் சிரிப்பது அபூர்வம் என்பதால் யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குத்தான் அவருடைய தம்பி ‘இல்லை’ என்று எழுதினான். லாரி ஓட்டுகிறவன். அக்கா செய்வது ஒரு வேலையா என்று பன்னிரண்டு வருஷம் கிண்டல் செய்தவன், அன்று மதியம் மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் வந்திருந்தான். இடது ஆடுசதையில் வலி. மறுநாள் விடியலில் மறுபடி வண்டி எடுக்க வேண்டும்.

“மூணு நாளா சீட்டை விட்டு எழுந்திருக்கலைன்னு உன் பொண்டாட்டி சொன்னாளே?”

“ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்கேன்க்கா. அதை அசையலைங்கிறியா?”

அவர் வாதாடவில்லை. தையல்காரர் டேப்பை எடுத்து இரண்டு ஆடுசதைகளையும் அளந்தார். இடதுகால் இரண்டு விரல் அளவு பருத்திருந்தது. புறங்கையை அருகில் கொண்டுபோனார். தொடும் முன்பே சூடு தெரிந்தது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, ரத்தம் உறைந்திருக்கலாம், அமுக்கினால் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போகலாம், இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்றார்.

“ஊருக்கெல்லாம் அமுக்குவே, கூடப் பொறந்தவனுக்கு மட்டும் சட்டம் பேசுவியா?” என்றான் அவன். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தால் நாளை வண்டியை எவன் எடுப்பான் என்றும் கேட்டான். அவர் போனை எடுத்து அவன் மனைவியிடம் பேசி முடிப்பதற்குள் ஆள் படியிறங்கிவிட்டிருந்தான்.

ஜன்னல் வழியே பார்த்தார். நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்து எதிர்ச் சந்துக்குள் திரும்பினான். அங்கே ‘இரும்புக்கை’ என்று தன்னைத் தானே அழைத்துக்கொள்ளும் ஒருவர் கடை வைத்திருந்தார். படிவம் கிடையாது, கேள்வி கிடையாது. படு என்பார், ஏறி அமுக்குவார். ஜட்ஜம்மா அந்தக் கடையை இத்தனை வருஷம் ‘மாவு மில்’ என்று சொல்லி வந்தார்.

மறுபடி போனில் அவன் மனைவியை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டு அவர் ஓடி அந்தக் கடைக்குள் நுழைந்தபோது தம்பி குப்புறக் கிடந்தான். இரண்டு பேர் பெஞ்சில் முறை காத்திருந்தார்கள். இரும்புக்கையின் இரண்டு கைகளும் எண்ணெயில் மின்னின. அவை வலது காலில் இருந்தன. கேள்வி கேட்கத் தெரியாத மனிதர், விதியை மட்டும் மறக்கவில்லை. வலது கால் முடிந்து, இடது காலின் மேலிருந்த துண்டை விலக்கக் கை நீண்டது.

“அந்தக் காலைத் தொடாதீங்க.”

அந்த மேசையின் ஓட்டையிலிருந்து தம்பியின் குரல் வந்தது. “அக்கா, செருப்பு எங்கே?”

அப்போதுதான் அவரும் தம் காலைப் பார்த்தார். வெறுங்கால். இரும்புக்கையோ, என் வாடிக்கையாளரை விரட்ட வந்தீர்களா, ஒரு ஆடுசதையை அமுக்கி எவன் செத்தான் என்று கேட்டார். பெஞ்சில் ஒருவர் சிரித்தார்.

“கடிகாரக் கடைக்காரர் செத்தார்” என்றார் ஜட்ஜம்மா. “ஒரு மாசம் காலில் மாவுக்கட்டு. பிரிச்சதும் சதை வலின்னு என்கிட்ட வந்தார். அரை மணி நேரம் அமுக்கினேன். காலே லேசாயிடுச்சும்மான்னு சொல்லிட்டுப் போனார். மூணாம் நாள் அவர் பொண்ணு போன் பண்ணுது, அப்பாவோட அடுத்த அப்பாயிண்ட்மென்ட்டை ரத்து பண்ணணும்னு. மூச்சு நின்னுடுச்சாம். கடைசியா அவர் நல்லாத் தூங்கினது உங்க கையாலதான்னு எனக்கு நன்றி வேற சொல்லுச்சு.”

ஒன்பது வருஷம் யாரிடமும் சொல்லாததை அவர் ஒரு போட்டிக் கடையில், முன்பின் தெரியாத இரண்டு பேர் எதிரில் சொல்லிவிட்டார். இரும்புக்கை கையைத் துடைத்துக்கொண்டு போய் ஆட்டோ பிடித்து வந்தார்.

ஸ்கேனில் கட்டி தெரிந்தது, தொடைவரை ஏறியிருந்தது. காலை யாராவது அமுக்கினார்களா என்று டாக்டர் கேட்டபோது, வலதுகாலை மட்டும் என்றார் அக்கா. தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் நகர்ந்த பிறகு, “அந்தக் கடிகாரக்காரர் உன்னாலதான் போனாராக்கா?” என்றான்.

“தெரியலை. தெரியாததாலதான் அந்தக் கேள்வியை எழுதினேன்.”

தம்பி பிழைத்தான். அக்கா அந்தக் கடையில் சொன்ன சொல்லும் பிழைத்தது. அதற்கு நல்ல கால்கள். பெஞ்சிலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து கடைவீதிக்கும் போக அதற்கு நாலு நாள் பிடித்தது. ஐந்தாம் நாள் மூன்று பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நாலாவது போன் ஒரு பெண்ணுடையது. குரல் மாறியிருக்கவில்லை. இன்று ஐந்து மணிக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டாள்.

“இருக்கும்மா. எங்கே வலி?”

“வந்து சொல்றேன்” என்றாள் கடிகாரக் கடைக்காரரின் மகள்.

நாலரைக்கே ஜட்ஜம்மா குப்பியை வெந்நீரில் வைத்தார். மேசைமேல் படிவத்தை வைத்து, அதன்மேல் பேனாவை வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டையும் எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். இன்று கேள்வி கேட்கப்போவது தாம் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஐந்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கையில் படியில் காலடி கேட்டது.