மூன்று ராஜா வைத்திருந்தவன்

ஹரிராமின் கடைக்குள் போனவர்கள் சேலை வாங்காமல் வரலாம், உட்காராமல் வர முடியாது. விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் பத்தடி அகலக் கடை. "வாங்க வேணாம்க்கா, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று சொல்லியே சுங்குடிச் சேலைகளைக் குவித்துவிடுவான். விலையை எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டான், கேட்டதும் பயந்து எழுந்துவிடுவார்களாம். வந்த ஆள் எழுந்து போவதை அவனால் பார்க்கவே முடியாது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம், மூன்று தலைமுறையாக இதே தொழில். அந்தக் குணத்தால்தான் கடை ஓடுகிறது. அதே குணத்தைத் தூக்கிக்கொண்டு சீட்டாட வந்து என் உயிரை வாங்கினான்.

நான் அழகுபாண்டி. சொந்த ஊர் எழுமலை. கோரிப்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு மேலே ஓர் அறை உண்டு. ஒன்பது வருடமாக ஞாயிறு மதியம் அங்கே நான்கு பேர் போக்கர் ஆடுகிறோம். நான், ஹரிராம், பள்ளியில் கணக்கு எடுக்கும் இம்மானுவேல் சார், கொட்டாம்பட்டித் தேங்காய் வியாபாரி சோலை. காசு கிடையாது, புளியங்கொட்டைதான். வருடம் முழுக்க அதிகம் சேர்த்த இரண்டு பேர் டிசம்பரில் கடைசி ஆட்டம் ஆடுவார்கள். ஜெயித்தவரை மற்ற மூவரும் சேர்ந்து கோவாவில் நடக்கும் பெரிய போட்டிக்கு அனுப்பிவைப்போம். சோலை இரண்டு முறை போய்வந்துவிட்டார். ஹரிராம் நான்கு முறை கடைசி ஆட்டம் வரை வந்து, நான்கு முறையும் தோற்றவன்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கையில் ஆளுக்கு இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று திறப்பார்கள். ஒவ்வொரு தடவையும் கொட்டையைக் கட்டலாம். ஒருவர் கட்டினால் மற்றவர் அதே அளவு வைத்துத் தொடர வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலக வேண்டும். மோசமான கை வந்தால் கவிழ்ப்பது சுலபம். நல்ல கை வரும்போதுதான் வினையே. நடுவில் இரண்டு ஆர்ட்டின் கிடக்கிறது என்று வையுங்கள். எதிராளி கையிலும் இரண்டு ஆர்ட்டின் இருக்கலாம். இன்னும் ஒன்று விழுந்தால் அவனுக்கு ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்துவிடும், நம் நல்ல கை குப்பைக்குப் போகும். ஆகவே முந்தியிருக்கும்போதே பெரிதாகக் கட்டி அவனை விரட்டிவிட வேண்டும்.

ஹரிராம் விரட்ட மாட்டான். ஏஸ் இரண்டு கையில் இருந்தாலும் மூன்று கொட்டையை நகர்த்திவிட்டு, சேலையை உதறிக் காட்டும் அதே சிரிப்போடு உட்கார்ந்திருப்பான். அம்புட்டு மலிவாகக் கிடைத்தால் யார் எழுந்து போவார்கள்? போன வருடக் கடைசி ஆட்டத்தில் சோலை ஒன்றுமில்லாத கையோடு உட்கார்ந்திருந்து, கடைசிச் சீட்டில் அடித்துக்கொண்டு போனார். எனக்கு வந்த கோபத்தில் சீட்டுக்கட்டைச் சுவரில் எறிந்தேன்.

"ஏன்டா, இது என்ன சேலக் கடையா? ஆளத் தள்ளி விடுடா!"

"பெருசா கட்டுனா எல்லாரும் போயிருவீங்களே மாப்ள. நல்ல கைக்கு நாலு கொட்டையாவது கெடைக்க வேணாமா?"

"நாலு கொட்டைக்கு ஆசப்பட்டு நாப்பத விடுறியேடா!"

என் வாய்தான் வலித்தது. இதற்கு நடுவே அவன் மனைவி அலர்மேல்மங்கை கோவாவுக்கென்று நீல நிறத்தில் ஒரு பை வாங்கி, கடையில் ஆணியில் மாட்டியிருந்தாள். அது மாட்டி நான்கு வருடம் ஆகிறது. அவனிடம் டிக்கெட் எடுக்கக் காசு இல்லாமல் இல்லை. ஆனால் இருபது வருடமாகக் கடையைச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் பூட்டியதில்லை. "ஜெயிச்சா அது ஒரு காரணம்ணே" என்று என்னிடம் சொல்வாள். "காரணம் இல்லாம இவுக ஷட்டர எறக்க மாட்டாக. நானும் கடலப் பாக்கணும்ல."

இந்த வருடம் கடைசி ஆட்டம் எனக்கும் அவனுக்கும். மாதக்கணக்கில் அவனுக்குப் பாடம் எடுத்தவன் நான், எதிரே உட்கார்ந்திருப்பவனும் நான். ஒரு மணி நேரம் ஆடியும் இருவரிடமும் ஏறக்குறையச் சமமாகவே கொட்டை இருந்தது, எனக்குப் பத்துப் பதினைந்து கூடுதல். இம்மானுவேல் சார் சீட்டுப் போட்டார். எனக்கு ஆர்ட்டினில் ஜாக்கியும் நாலும். நடுவில் மூன்றைத் திறந்தார். கிளாவர் ராஜா, ஆர்ட்டின் ஒன்பது, ஆர்ட்டின் எட்டு. இன்னும் ஒரு ஆர்ட்டின் வந்தால் எனக்கு ஐந்து.

ஹரிராம் சீட்டைப் பார்த்தான், நடுவில் கிடந்ததைப் பார்த்தான். பிறகு தன் முன்னால் இருந்த கொட்டை அத்தனையையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினான். சோலை எழுந்தே நின்றுவிட்டார். ஒன்பது வருடத்தில் அவன் இப்படிச் செய்ததே கிடையாது.

நான் கவிழ்த்திருக்க வேண்டும். பெரிதாகக் கட்டினால் எதிராளி எழுந்து போவான் என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் என் புத்தி வேறு மாதிரி ஓடியது. உண்மையிலேயே நல்ல கை இருந்தால் இவன் மூன்று கொட்டைதானே வைப்பான்? விரட்டுகிறான் என்றால் கையில் ஒன்றும் இல்லை, சும்மா மிரட்டிப் பார்க்கிறான். இவனை எனக்குத் தெரியாதா?

"வச்சிட்டேன்" என்றேன்.

அவன் சீட்டைத் திருப்பினான். இரண்டு ராஜா. நடுவில் கிடந்ததோடு மூன்று ராஜா. எனக்கு முகம் செத்துவிட்டது.

"நாலுல ஒரு தடவதான் ஒனக்கு வரும்" என்றார் சார் மெதுவாக.

நாலாவதாக ஸ்பேட் ரெண்டு விழுந்தது. வராதே, வராதே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், சத்தியமாகச் சொன்னேன். கடைசியாக ஆர்ட்டின் அஞ்சு. எனக்கு ஐந்து ஆர்ட்டின் சேர்ந்து, அவனுடைய மூன்று ராஜாவும் குப்பைக்குப் போனது.

கீழே சிக்னலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஹரிராம் ஒரு கொட்டை விடாமல் கூட்டி என் பக்கம் தள்ளினான். "நல்ல சீட்டு மாப்ள" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். அவன் திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை அவன் கடைக்குப் போனேன். இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் இருபது சேலை விரிந்து கிடந்தது. வாங்கப்போகிறவர்கள் மாதிரித் தெரியவில்லை. ஆணியில் நீலப் பை இல்லை. அதைக் கீழே இறக்கி, அதற்குள் ரவிக்கைத் துணிகளை அளவு வாரியாக அடுக்கி வைத்திருந்தான். கல்லாவில் இருந்த அலர்மேல்மங்கை என்னைப் பார்த்து, "வாங்கண்ணே" என்றாள். சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

"நீ போடா கோவாவுக்கு" என்றேன். "எனக்கு வேணாம். ஒழுங்கா ஆடுனது நீதான்."

"ஜெயிச்சது நீ. நீதான் போகணும்."

"அறிவிருக்கா? நான் சொன்னத நீ செஞ்ச, நான்தான் செய்யல. எந்திரிச்சிருக்க வேண்டியவன் நான்!" என்று கத்தியேவிட்டேன். அந்தப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹரிராம் அவர்களுக்கு இன்னொரு சேலையை உதறி விரித்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வந்த ஆள அனுப்ப எனக்கு வராதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன் மாப்ள. ஒரே ஒரு தடவ அனுப்பிப் பாத்தேன். நீ போக மாட்டேன்னுட்டியே."