உள்பக்கம் திறந்த கேட்

குண்டசாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மோகனராஜ் எத்தனையோ வீடுகளுக்குக் கேட் மாட்டியிருக்கிறார். அவற்றில் ஒன்றுகூட வெளிப்பக்கம் திறக்காது. வெளியே திறக்கிற கேட் வீட்டு லட்சுமியை வெளியே அனுப்பிவிடும் என்பது அவருடைய கட்சி. புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர், மனைவி சர்மிளாவையும் மகள் லோஜினியையும் இன்று குறையில்லாமல் வைத்திருக்கிறார் என்றால் அதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம் என்று நினைத்தார். கேட்டை மாட்டி முடித்ததும் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி அடியில் வைக்காமல் வீட்டுக்குத் திரும்பமாட்டார்.

நஸ்லியா டீச்சர் தன் வீட்டு மேல்மாடியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறவர். வெயில் காலத்தில் வருகிறவர்கள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று பின்முற்றத்தில் சின்னதாக ஒரு நீச்சல் தடாகம் கட்டினார். அதைச் சுற்றி வேலி போடத்தான் மோகனராஜை அழைத்தார்.

“கண்ணாடியில போட்டா அழகு டீச்சர். ஆனா விலையைக் கேட்டா நீங்க தடாகத்தையே மூடிருவீங்க.”

“அப்ப இரும்பு?”

“தண்ணிக்குப் போடுற மருந்து இரும்பைத் தின்னுரும். அலுமினியம் விலை கொஞ்சம் கூடத்தான், ஆனா துருப்பிடிக்காது. வெள்ளைப் பெயின்ட் அடிச்சா இந்த வெயிலுக்கும் கை சுடாது.”

டீச்சர் சம்மதித்தார். மெல்பேர்னில் இருக்கும் அக்கா சொல்லிக்கொடுத்த விதிகளையும் ஒப்புவித்தார். கம்பிகள் நெருக்கமாக நிற்க வேண்டும். பிள்ளைகள் கால் வைத்து ஏறக் குறுக்குக் கம்பி கூடாது. கேட் தானாகவே மூடிக்கொள்ள வேண்டும், கொளுக்கி உயரத்தில் இருக்க வேண்டும்.

“முக்கியமா, கேட் வெளியதான் தொறக்கணும் பாஸ். புள்ள ஓடி வந்து முட்டினா மூடணும், தொறக்கப்படாது.”

“வெளியவா? வீட்டுக்கு ஆகாதே டீச்சர்!”

“எங்கட வீட்டுக்கு லட்சுமி வாறதில்லையே பாஸ்!” டீச்சர் சிரித்துவிட்டார். “வந்தாலும் ரோட்டுப் பக்கம் பெரிய கேட் இருக்கு, அதால வரட்டும்.”

மோகனராஜும் சிரித்தபடி தலையாட்டினார். ஆனால் மாட்டுகிற அன்று கை கேட்கவில்லை. இந்த நல்ல மனுஷிக்குத் தன் கையால் ஒரு குறை வந்துவிடக் கூடாதே! யாரிடமும் சொல்லாமல் கேட்டைத் தண்ணீர்ப் பக்கமாகத் திறக்கும்படி மாட்டினார். எலுமிச்சம்பழத்தையும் வைத்தார்.

வேலை முடிந்த மகிழ்ச்சியில் டீச்சர் அவருடைய குடும்பத்தையும் தேநீருக்கு அழைத்திருந்தார். மோகனராஜ் வேலிக்குள்ளிருந்து கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து தேநீருக்கு உட்கார்ந்தார். பின்னால் கேட் தானாக மூடிக்கொள்ளும் என்று திரும்பிப் பார்க்கவில்லை. புது ஸ்பிரிங். கொளுக்கியில் விழாமல் கேட் மயிரிழையில் நின்றுவிட்டது.

பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிய லோஜினி இரண்டு கைகளாலும் கேட்டில் மோதினாள். அது திறந்துகொண்டது.

“ஐயோ, பாப்பா!”

சர்மிளாவின் அலறலில் மோகனராஜ் எழுந்திருக்கும் முன்பே டீச்சர் உடுத்த உடையோடு தடாகத்துக்குள் குதித்திருந்தார். குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். லோஜினி இருமினாள். பிறகு வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்கத்தானே இரண்டு பெண்களும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்!

பயம் தெளிந்ததும் சர்மிளாவுக்கு ஆத்திரம் வந்தது.

“புள்ளைங்க ஓடித் திரியுற எடத்துல இப்பிடிக் குழியை வெட்டி வச்சிருக்கீங்களே! மனசாட்சியே இல்லையா உங்களுக்கு?”

தலைத் துணியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட டீச்சர் நடுங்கிக்கொண்டு நின்றார். “மன்னிச்சுக்கோங்க தங்கச்சி. நான்தான் பார்த்திருக்கணும்.” சொல்லிவிட்டுக் கேட்டைப் பார்த்தார். அது தண்ணீர்ப் பக்கமாகத் திறந்து கிடந்தது. பிறகு மோகனராஜைப் பார்த்தார்.

அந்த மனிதர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தன் பிள்ளையைக் காப்பாற்றியவள் தன் குற்றத்துக்காகத் திட்டு வாங்குவதைக் கேட்டருகில் மரம்போல நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குனிந்த கண்ணில் அந்த எலுமிச்சம்பழம் பட்டது. சட்டென்று காலால் புல்லுக்குள் தள்ளி மறைத்தார். அந்தக் காலையே வெட்டிப் போடலாம் போலிருந்தது அவருக்கு.

“வாங்க போவோம். இனி இந்த வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது நீங்க,” என்று சர்மிளா முன்னே நடந்தாள். அவரும் பின்னே நடந்தார். தாயின் தோளில் லோஜினி விக்கிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றியிருந்தது டீச்சர் வீட்டுத் துவாய். ஈரத்தில் நின்ற டீச்சர் தன்னைத் துடைக்காமல் பிள்ளைக்குச் சுற்றிவிட்ட துவாய்.

பெரிய கேட்டருகில் மோகனராஜின் கால்கள் நின்றுவிட்டன.

“சர்மிளா, அவங்களத் திட்டாத. வெளிய தொறக்கிற மாதிரி வைங்கன்னுதான் டீச்சர் சொன்னாங்க. நான்தான் மாத்தி வச்சேன்.”

“என்னங்க சொல்றீங்க?” அவள் முகம் வெளிறியது. பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்தாள். அவரிடமிருந்து காப்பதுபோல அணைத்தாள். அதைவிட ஓங்கி அறைந்திருக்கலாம்.

அவர் திரும்பி நடந்து டீச்சரின் முன்னால் கை கூப்பினார். “டீச்சர், நான்...”

“பேச்சு பொறகு பாஸ். மொதல்ல அதைக் கழட்டுங்க.”

கழற்றினார். வெளிப்பக்கமாக மாட்டினார். கண்ணீர் மறைத்ததால் சுத்தியல் விரலில் விழுந்தது, அதையும் அவர் பொருட்படுத்தவில்லை. முடிந்ததும் கொளுக்கியைப் போடாமலே, தன் மகளின் உயரத்துக்கு முழந்தாளிட்டு, இரண்டு கைகளாலும் கேட்டைத் தள்ளினார். அது சட்டத்தில் போய் முட்டி மூடிக்கொண்டது. கம்பிகளில் நெற்றியைச் சாய்த்து விம்மினார்.

பின்னால் ஈர உடையோடு டீச்சர் நின்றிருந்தார். அவர் பக்கத்தில், பிள்ளையைத் தோளில் போட்டபடி, திரும்பி வந்திருந்த சர்மிளா.

“இன்னும் ஒருக்கா தள்ளுங்க பாஸ்,” என்றார் டீச்சர்.

அவர் தள்ளினார்.